வசந்தாமணி தூங்கிய நாட்கள்

ஜூலை 4, வெள்ளி

வசந்தா, இந்த நோட்டை ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்தாள். நானாக வாங்கவில்லை. முப்பது வருசம் மாவு பிசைந்த கையில் பேனா எப்படி நிற்கும் என்று உனக்குத் தெரியாதா?

"அண்ணா, ஐ.சி.யூ.ல இருந்தவங்களுக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. பாதியும் கனவா வரும். எழுந்ததுக்கு அப்புறம் எது நெசம், எது கனவுன்னு தெரியாமக் கஷ்டப்படுவாங்க. நீங்க தினமும் நடந்ததை எழுதி வைங்க, அக்கா எழுந்து படிக்கட்டும்" என்றாள். இந்த ஆஸ்பத்திரியில் இப்போதுதான் இப்படி ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறார்களாம். முதலில் இருந்து எழுத வேண்டுமாம்.

சரி, முதலில் இருந்து. நீ வசந்தாமணி. நான் உன் வீட்டுக்காரன் மயில்சாமி. அன்னூரில் நமக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. போன மாதம் இருபத்தாறாம் தேதி தேங்காய் பன்னைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாய். பித்தப்பைக் கல் ஒன்று நழுவிக் கணையத்தின் வாயை அடைத்துக்கொண்டதாம். உன்னைக் கோயமுத்தூருக்குக் கொண்டு வந்தோம். வயிற்றைத் திறந்து சுத்தம் செய்தார்கள். இப்போது தொண்டையில் மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒரு குழாய். கழுத்துக் குழாய் வழியாக மருந்தும், பால் போல வெள்ளையாக ஒரு சாப்பாடும் நேராக ரத்தத்துக்குப் போகின்றன.

தூங்குவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமான நாளில் இருந்து நீ இவ்வளவு நேரம் தூங்கி நான் பார்த்ததில்லை. முகம் நன்றாகத்தான் இருக்கிறது. நெற்றியில் யாரோ ஒரு சிஸ்டர் பொட்டு வைத்துவிட்டிருக்கிறாள்.

ஜூலை 5, சனி

இன்று ஒன்றும் நடக்கவில்லை. அதுவே நல்ல சேதி என்றார்கள்.

ஜூலை 7, திங்கள்

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு உள்ளே விட்டார்கள். நீ கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"ஏனுங்க கண்டக்டரே, ஆனைமலை வந்துருச்சுங்களா?" என்றாய். குரல் காற்றாக வந்தது.

நான் என்ன சொல்வது? "இன்னும் இல்லீங்கம்மா. வந்தா எழுப்பறனுங்க" என்றேன்.

"சன்னலச் சாத்துங்க. மாவு பறக்குது" என்றாய். அந்த அறைக்கு சன்னலே கிடையாது. ஆனாலும் நான் எழுந்து போய் சுவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்தேன். உனக்குத் திருப்தி. கண்ணை மூடிக்கொண்டாய். பஸ் ஓடிக்கொண்டிருந்தது போல, உன் தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்து ரொம்ப நேரம் சிரித்தேன். சிரித்தேன் என்றே வைத்துக்கொள். நம் தாரணி சேலத்தில் இருந்து வந்திருக்கிறாள். "அப்பா, மூஞ்சியத் தொடைங்க" என்றாள்.

ஜூலை 9, புதன்

உன்னை ஐ.சி.யூ.வில் இருந்து பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். இங்கே மத்தியானம் இரண்டு மணி நேரமும் பொழுதோடு ஆறு மணிக்கு மேல் இரண்டு மணி நேரமும் கூட இருக்கலாம். விடியலில் கடையில் மாவைப் பிசைந்து, பிரெட்டை இறக்கிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன்.

ஆன்டிபயாடிக் போட்டுப் போட்டு உனக்கு வயிற்றுப்போக்கு. அதற்கு ஒரு தூள், தினம் இரண்டு பாக்கெட். தண்ணீரில் கரைத்து மூக்குக் குழாயில் விட வேண்டும். ஜெசிந்தாவுக்கு இன்று இங்கேதான் டூட்டி, ஆறு நோயாளிகள். இந்தப் படுக்கைக்கும் அந்தப் படுக்கைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"குடும்மா இங்க. பாக்கெட் பிரிக்கறதும் தூளக் கரைக்கறதும் நமக்கு ஒரு சோலியே இல்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

யோசித்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். "கரைச்சு மட்டும் வைங்கண்ணா, குழாயில நான் விட்டுக்கறேன். வேற எதையும் தொடாதீங்க" என்றாள்.

வசந்தா, சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு நரகம் என்று உனக்குத் தெரியும். பதின்மூன்று நாளில் இன்றைக்குத்தான் உனக்காக என் கை ஒரு வேலை செய்தது. வெளிர் பழுப்புத் தூள். கட்டி தட்டாமல் கரைத்தேன். ஜெசிந்தாவே ஆச்சரியப்பட்டாள். உன் கழுத்தில் பிளாஸ்டர் ஒரு ஓரமாகப் பிரிந்து நின்றது. அதையும் அழுத்தி ஒட்டிவிட்டேன். அவள் பார்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இன்று பேச்சு அதிகம். மேலே இருக்கிற விளக்கை நிலா என்றாய். "பகல்லயே வந்துட்டுது பாருங்க" என்றாய். ஆமாம் என்றேன். தாரணிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைத்து ஜாதகம் கேட்டாய். அவள் பக்கத்திலேயேதான் நின்றாள்.

இரண்டு பாக்கெட்டும் நானே கரைத்தேன். பிளாஸ்டர் மறுபடியும் பிரிந்திருந்தது. உனக்கு வேர்க்கிறது, அதனால்தான். ஒட்டிவிட்டேன். உடம்பு லேசாகச் சுட்டது.

ஜூலை 12, சனி

உனக்குக் குளிர் வந்து கட்டிலே ஆடிற்று. இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் ஐ.சி.யூ.

ஜூலை 14, திங்கள்

கிருமிகளுக்கென்று தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார், ஹசீனா என்று பெயர். ஒல்லியான ஆள், வேகமான நடை. என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"அய்யா, இவங்க ரத்தத்துல ஈஸ்ட் வளருது" என்றார்.

"ஈஸ்ட்டுங்களா? நாங்க பன்னுக்குப் போடற ஈஸ்ட்டுங்களா?"

"பெரும்பாலும் அது இல்லீங்க. வேற ஜாதியா இருக்கும். சரியான பேரு வர ரெண்டு நாளாகும். ஈஸ்ட் எல்லார் வயித்துலயும் கொஞ்சம் இருக்கும், சும்மா கெடக்கும். இவங்களுக்கு வயித்துல ஆபரேசன் ஆயிருக்கு. ரெண்டு வாரமா ஆன்டிபயாடிக் போகுது. அது நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுருது. கழுத்துல குழாய் இருக்கு, அதுல கொழுப்பும் சர்க்கரையும் போகுது. முன்னாலயே சர்க்கரை நோய் வேற. இத்தனையும் ஒரே ஆள்கிட்டச் சேர்ந்தா, பூஞ்சை ரத்தத்துக்குள்ள நொழைய வழி கெடச்சுருது."

பழைய கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் பூஞ்சை இருந்தால் குழாயில்தான் ஒட்டிக்கொண்டு வளருமாம். பூஞ்சைக்கு ஊசி ஆரம்பித்தாயிற்று. கண்ணிலும் பூஞ்சை போய் உட்காரலாம் என்று கண் டாக்டர் வந்து சொட்டு மருந்து விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். கண் சுத்தமாக இருக்கிறதாம். அந்தச் சொட்டு மருந்தால் உன் கருவிழி முழுக்க விரிந்து போய், நீ எங்கோ ரொம்ப தூரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "வெளக்குக்கெல்லாம் ரோமம் மொளைச்சிருக்குது" என்றாய்.

எவ்வளவு ஆபத்து என்று கேட்டேன். பத்துப் பேருக்கு வந்தால் நான்கு பேரைக் காப்பாற்ற முடிவதில்லை என்றார். ஒளிக்காமல் சொல்கிற ஆள். நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால், மிச்சம் ஆறு பேரில் ஒருத்தி என்று அர்த்தம்.

ஜூலை 16, புதன்

பெயர் வந்துவிட்டது. ஏதோ சாக்கரோ என்று ஆரம்பிக்கிறது. ஹசீனா டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்க பேக்கரின்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க."

"இது பேக்கரி ஈஸ்ட்தாங்க" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நகக்கண்ணில் காலையில் பிசைந்த மாவு காய்ந்து இருந்தது.

அவர் திட்டவில்லை. "உங்க மேல தப்புன்னு சொல்லலை. ஆனா எப்படி வந்துச்சுன்னு தெரியற வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம். பொண்ணு வரட்டும்" என்றார். தாரணி கடைக்குள்ளேயே போகாதவள், ஆபீஸ் வேலை.

பஸ்ஸில் போகும்போது சன்னல் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. போனதும் அடுப்பை அணைத்தேன். ஈஸ்ட் டப்பாக்களை ஊருக்கு வெளியே குழி தோண்டிக் கொட்டினேன். சட்டை வேட்டியெல்லாம் நானே வெந்நீரில் ஊறப்போட்டேன். தலைமுடியில் எத்தனை வருச மாவு இருக்கிறதோ என்று நினைப்பு வந்தது. நேராகப் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். "பழனிக்கா?" என்று கேட்டார் முடி வெட்டுகிறவர். ஆமாம் என்றேன்.

முப்பது வருசம் நமக்குச் சோறு போட்டது, வசந்தா. அதுதான் உன் ரத்தத்தில் பொங்கிக்கொண்டிருக்கிறது. என்னால் இதை யோசிக்கவே முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். கையை ஆட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் நின்றேன். நீ என்னமோ சொன்னாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தாரணி உள்ளே இருந்து, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினாள்.

மத்தியானம் காத்திருப்போர் கூடத்தில் தூங்கிப்போனேன். நீ சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறாய். உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பின்னால் ஓடுகிறேன். நீ மணி அடித்துக்கொண்டே போகிறாய், மெதுவாகத்தான் போகிறாய், என்னால்தான் பிடிக்க முடியவில்லை.

ஜூலை 19, சனி

நேற்று முன்தினம் எடுத்த ரத்தத்திலும் ஈஸ்ட். புதுக் குழாய் போட்டாயிற்று, மருந்து போகிறது, நானும் விலகியாயிற்று. அப்புறமும் ஏன் குறையவில்லை என்று ஹசீனா டாக்டருக்கே புரியவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மருந்தை மாற்றியிருக்கிறார். ஆம்போடெரிசின் என்று பெயர், மஞ்சள் மருந்து. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், கிட்னியைத் தினம் பார்க்க வேண்டும். ஏறும்போது குளிர் வருமாம். வந்தது. இரண்டு கம்பளி போட்டார்கள்.

நான் வெளியே வெயிலில் நின்றேன். உனக்குக் குளிரும்போது எனக்கு மட்டும் எதற்கு ஏ.சி. காற்று?

ஜூலை 21, திங்கள்

கடையை மூடி ஐந்து நாள் ஆகிறது. மூன்று மணி இருக்கும். கூடத்தில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். நம் கடை மாவுத் தொட்டியில் மாவு எழும்புகிறது. தொட்டியைத் தாண்டி வருகிறது. சத்தமே இல்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ்ஸுக்குள் ஏறி, இந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறுகிறது. அதன் மேல் நீ ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறாய். மாவு உன்னை மெதுவாகக் கூரைக்குத் தூக்கிக்கொண்டே போகிறது. எனக்குப் பயம் இல்லை. புளித்த மாவு வாசம் மட்டும் மூக்கு நிறைய இருக்கிறது.

விழித்துவிட்டேன். கனவு போய்விட்டது, வாசம் போகவில்லை.

வசந்தா, எனக்கு ஈஸ்ட் வாசமே தெரியாது. முப்பது வருசமாக என் மேலேயே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? "கிட்ட வராதீங்க, பன்னு வாசம் அடிக்குது" என்று நீதான் சொல்வாய். ஐந்து நாள் கடைக்குள் போகாமல், வெந்நீரில் அலசிய சட்டையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இன்றைக்குத்தான் அது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பல்லடத்துக்காரர். அவர் அப்பா உள்ளே இருக்கிறார். ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். வெளிர் பழுப்புத் தூள்.

"ஏனுங்க, அதென்னங்க?"

"வயிறு செரியில்லீங்க, கேண்டீன் சாப்பாடு. மருந்துக் கடையில குடுத்தாங்க. எங்கப்பனுக்கும் உள்ள இதையேதான் குடுக்கறாங்க."

காலி பாக்கெட்டை வாங்கி மோந்து பார்த்தேன். மறுபடியும் மோந்து பார்த்தேன். அப்புறம் ஓடினேன். காவலாளி தடுத்தார், அவரையும் தள்ளிவிட்டு ஓடினேன்.

ஹசீனா டாக்டர் பாக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈஸ்ட்தான். உயிரோட இருக்கற ஈஸ்ட்" என்றார். "வயித்துப்போக்குக்கு நல்லது, வயித்துக்குள்ள போனா ஒரு கெடுதலும் இல்ல. ஆனா கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுப் பிரிச்சா தூள் பறக்கும். கையில ஒட்டும், கழுவுனாக்கூட லேசுல போகாது. அந்தக் கையால கழுத்துக் குழாயத் தொட்டா…" நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார். "இன்னும் குடுத்துட்டுத்தான் இருக்கமா?"

"தினம் ரெண்டு, மேடம்" என்றாள் ஜெசிந்தா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு பிரிக்கறது?"

சிஸ்டருங்கதான் குடுக்கறாங்க என்றேன். அது உண்மைதான்.

ஜூலை 22, செவ்வாய்

தூளை நிறுத்திவிட்டார்கள். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு அந்த வெள்ளைச் சாப்பாடு இல்லை, மூக்குக் குழாயில்தான் கஞ்சி. மருந்து கை நரம்பில் போகிறது. எனக்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே போனேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஜெசிந்தா டூட்டியில் இல்லை. விசாரணை என்று ஒரு சிஸ்டர் சொன்னாள். எதிர்க் கடையில் காபி குடித்தேன். நன்றாகவே இல்லை.

ஜூலை 23, புதன்

கடையைக் கழுவிவிட்டேன். மாவுத் தொட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்தேன். காய்ச்சல் 101. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

இருக்கிறது, எழுதுகிறேன்.

நேற்று இந்த நோட்டைத் திறந்தபோது ஒன்பதாம் தேதிப் பக்கம் வந்தது. நானே எழுதியிருக்கிறேன். பாக்கெட் பிரித்தேன், பிளாஸ்டரை ஒட்டினேன், அவள் பார்க்கவில்லை. என்ன பெருமை! கிழித்துவிடலாம் என்று பக்கத்தைப் பிடித்தேன். அதே தாளின் பின்பக்கம் ஏழாம் தேதி இருந்தது. நீ என்னைக் கண்டக்டரே என்று கூப்பிட்டது அதில்தான் இருக்கிறது. இதைக் கிழித்தால் அதுவும் போய்விடும். என்னால் கிழிக்க முடியவில்லை.

காலையில் நோட்டோடு ஹசீனா டாக்டரிடம் போனேன். விசாரிக்கிற அம்மாவும் அங்கேயே இருந்தார். "நாந்தானுங்க. ஒம்பதாம் தேதியில இருந்து நாலு நாளும் அந்தப் பாக்கெட்ட நாந்தான் பிரிச்சேன். தொடாதீங்கன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. கழுத்துக் குழாயத் தொட்டதும் நாந்தான். அந்தப் புள்ள அதப் பாக்கல. திங்கக்கெழமையே சொல்லியிருக்கோணும், எனக்குத் தெகிரியம் வல்லீங்க" என்றேன்.

ஹசீனா டாக்டர் ஒன்பதாம் தேதியைப் படித்தார். பதினொன்றையும் படித்தார். "நீங்க பிரிச்சது நாலு நாள். உங்களை வெளிய நிக்க வச்சதுக்கு அப்புறமும் நாங்க கட்டில் பக்கத்துலயே பிரிச்சுட்டிருந்தோம். புதுக் குழாயையும் கெடுத்தது நாங்க. கழுத்துல குழாய் இருக்கற ஆளுக்கு இந்தத் தூளே குடுத்திருக்கக் கூடாது, அதை நான்தான் சீட்டுல பாத்திருக்கணும்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆறுதலுக்காக அவர் சொல்லவும் இல்லை.

ஜெசிந்தா பொழுதோடு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். "அண்ணா, ரெண்டு நாளா எங்க அம்மாகிட்ட போன்ல பேசவே முடியல, அழுகைதான் வருது. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தப்புத்தான், தாயி" என்றேன். போய்விட்டாள். பத்து நிமிசம் கழித்து உன் காய்ச்சல் குறைந்திருக்கிறது என்று அவள்தான் வந்து சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

இருபத்து மூன்றாம் தேதி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை. சுத்தம்! அந்தத் தேதியில் இருந்து இன்னும் பதினான்கு நாள் மருந்து போக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. போகட்டும். நான் கூடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பல்லடத்துக்காரர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கு விசயமே தெரியாது. யாரோ போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஜூலை 30, புதன்

தனி அறைக்கு வந்துவிட்டோம். இன்றைக்குத்தான் நீ நீயாக விழித்தாய். மோர் கேட்டாய். தாரணியிடம் மருமகன் எங்கே என்று கேட்டாய். என்னைப் பார்த்தாய், மொட்டையைப் பார்த்தாய், பழனிக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாய் போல.

தாரணி வெளியே போனதும் பேசினாய். குரல் இன்னும் காற்றுதான்.

"கண்ணாடிக்கு அக்கட்டால ஒரு மொட்டை நின்னுட்டே இருந்தான். தெனமும் வருவான். என்னைய எங்கியோ கூட்டீட்டுப் போறதுக்குத்தான் நிக்கறான்னு நெனச்சேன். நீங்க வந்தாப் போயிருவான்னு உங்களக் கூப்பிட்டேன். அத்தன தடவ கூப்பிட்டேன். நீங்க வரவே இல்லீங்களே!"

வசந்தா, அது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அடுத்து, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பாய். அதற்கு அடுத்தது இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். "கடையில சோலி இருந்துச்சு" என்று வந்தது.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

ஜூலை 31, வியாழன்

என் கையால் மோரும் குடிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. தாரணி கொடுத்தால் குடிக்கிறாய்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்கும் அப்படித்தான். உன் கால் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். நீ விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது அது உனக்கு நிலா இல்லை, வெறும் விளக்கு. உனக்குத் தெளிந்துவிட்டது. நான் வரவில்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெளியவே இல்லை. அதைத்தான் நெசம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

ஜெசிந்தா உன் கையில் ஊசி மாற்றிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "நோட்டைக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு எழுதுனீங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

ஜெசிந்தா கேட்டதையே நேற்றெல்லாம் யோசித்தேன். இதைக் கொடுக்காவிட்டால், நீ கூப்பிட்டபோது வராதவனோடு மிச்சக் காலத்தை ஓட்டுவாய். கொடுத்தால், உன்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தவனோடு ஓட்டுவாய். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதலாவது நடக்காத ஒன்று. நடக்காததை நினைத்து நீ அழக் கூடாது. அழுதால் நடந்ததை நினைத்து அழு.

அதனால் இதை எழுதி முடித்ததும் உன் தலைமாட்டில் வைத்துவிடுகிறேன். பேனாவும் உள்ளேயே இருக்கிறது. எழுத்துப் பிழையெல்லாம் உனக்குப் பழக்கம்தானே! பதினேழாம் தேதியில் இருந்து கண்ணாடிக்கு வெளியே நின்ற மொட்டை நான்தான். ஐந்து நாளும் நின்றேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அதை அன்றைக்கே எழுதியும் வைத்திருக்கிறேன், பார்.

ஒன்பதாம் தேதியை மட்டும் மெதுவாகப் படி. அதை எழுதியபோது நான் ரொம்பச் சந்தோசமாக இருந்தேன், அதற்காகவும் என்னை மன்னி.

வசந்தா, உன்னை நான் தொட்டதால்தான் இத்தனையும். இப்போது உன் நெற்றியைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. நான் வராந்தாவில் பெஞ்சில் இருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் அங்கேயேதான் இருப்பேன். கூப்பிட்டால் இந்தத் தடவை கேட்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எல்லாம் படிச்சேனுங்க. ரெண்டு தடவ படிச்சேன். பெஞ்சுல உக்காந்தே தூங்கறீங்க, தாரணி சொன்னா. கையக் கழுவீட்டு உள்ள வாங்க.